என்றும் பசுமையான கருவாலி

ஆங்கில இலக்கியம் பயின்றோருக்கு 'ஓக்' என்னும் மரம் புதியதன்று. புல்வெளியின் நடுவே தனித்து நிற்கும் பருத்த அடிமரம், விளிம்பு வளைவு வளைவாக வெட்டப்பட்ட இலை, இலையுதிர் காலத்தில் மஞ்சளும் கபிலமுமாக மாறும் நிறம், மாரியில் ஓர் இலையுமின்றி வானத்தை நோக்கி விரிந்த வெறுங் கிளைகள் ஆகிய இவையே அப்பெயரைக் கேட்டதும் மனக்கண் முன் தோன்றுவன. தமிழிற் கலைச்சொல் வகுத்தோர் இம்மரத்தைக் கருவாலி என்பர். இலங்கையில் இஃது இயற்கையாக வளர்வதில்லை. ஆதலின் இந்நாட்டவர் அதனை ஏட்டின் வாயிலாகவே பெரும்பாலும் அறிந்துள்ளனர். அந்த ஏடுகளிற் பல இங்கிலாந்திலிருந்து வந்தவை. இதனால் விளைந்த தவறான எண்ணம் ஒன்று உண்டு. கருவாலி என்றாலே மாரியில் இலையுதிர்க்கும் மரம் என்பதே அது.

தை மாதத்தில் ஒரு நாள் இங்கிலாந்தின் வயல்வெளி ஒன்றைக் காண்பவர் அங்குள்ள கருவாலிகளை எலும்புக்கூடுகள் போலக் காண்பர். அதே நாளில் ஸ்பெயின் நாட்டின் தென்மேற்குப் புறத்திற் செல்பவர் கரும்பச்சை நிறமான அடர்ந்த இலைக்கவிகையுடன் ஆயிரக்கணக்கான மரங்கள் மேய்ச்சல் நிலமெங்கும் நிற்பதைக் காண்பர். அவற்றின் கீழே பன்றிகள் உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும். அக்கொட்டை ஒவ்வொன்றும் சிறு கிண்ணம் ஒன்றில் அமர்ந்திருந்து முதிர்ந்தது. இந்தக் கிண்ணம் கருவாலிச் சாதியின் ஓர் அடையாளம். இலையில்லாத மரமும் இலைநிறைந்த மரமும் ஆகிய இரண்டுமே கருவாலிகள்தாம். ஒரே சாதியைச் சேர்ந்த உறவினர்.

இரண்டையும் அருகருகே கண்டு வாழ்ந்த மக்கள் அவற்றுக்கு வெவ்வேறு பெயர்களை வழங்கினர் என்பது கருதத்தக்கது. பண்டை உரோமர் இலையுதிர் கருவாலியைக் 'குவேர்க்கசு' என்றும், பசுமை மாறாததை 'ஈலெக்ஸ்' என்றும் அழைத்தனர். ஸ்பானிய மொழியில் முன்னையது 'ரோப்ளே'; பின்னையது 'என்சினா'. போர்த்துக்கேயர் 'கர்வால்யோ' என்னும் பெயரை இலையுதிர்ப்பவற்றுக்கு வழங்கி, பசுமை மாறாதவற்றுள்ளும் தக்கை தரும் மரத்துக்கு வேறு பெயரும், தக்கை தராத மரத்துக்கு வேறு பெயரும் வைத்துள்ளனர். யப்பானியரும் அவ்வாறே, அவர்கள் மொழியில் இலையுதிர்ப்பது 'நாரா', பசுமை மாறாதது 'காசி'. வடநாட்டு ஆங்கிலேயருக்கோ ஒரே வகையே ஊரெங்கும் இருந்தமையால் ஒரே பெயர் போதியதாயிற்று. பின்னர் அவர்கள் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் மாரியிலும் இலையுடன் நின்ற கருவாலியைக் கண்டபோது, மற்றவை பட்டன போல நிற்க இஃது ஒன்றே உயிருடன் நிற்கின்றது என்னும் கருத்துப்பட 'லைவ் ஓக்', அதாவது உயிருள்ள ஓக், எனப் பெயரிட்டனர்.

தாவரவியலார் இவை அனைத்தையும் குவேர்க்கசு என்னும் ஒரே சாதியில் அடக்குவர். அச்சாதியில் 400 இற்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை பெரும்பாலும் பூமியின் வட அரைக்கோளத்திலேயே வளர்கின்றன. மெக்சிக்கோவில் மட்டும் ஏறத்தாழ 160 இனங்கள் உண்டு. சீனாவில் ஏறத்தாழ 100 உண்டு. இவற்றுள் மிகப் பல பசுமை மாறாதவை. எனவே உலகம் முழுவதையும் நோக்குமிடத்து, பசுமை மாறாக் கருவாலியை ஒரு விதிவிலக்கு என்று கூறுதல் பொருந்தாது. கடுங்குளிர் நாடுகளில் இலையுதிர்ப்பவையே மிகுந்துள்ளன. அந்நாடுகளின் நூல்களே உலகெங்கும் பரவின. அதனாலேயே மற்றவை விதிவிலக்குப் போலத் தோன்றலாயின.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். பசுமை மாறாக் கருவாலிகள் யாவும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் போல நெருங்கிய உறவினர் அல்ல. கருவாலிச் சாதியின் பல கிளைகளில் இப்பண்பு தனித்தனியாகத் தோன்றியுள்ளது. மத்தியதரைக் கடற்கரையில் வளரும் தக்கைக் கருவாலி பசுமை மாறாதது. அதன் நெருங்கிய உறவினமாகிய துருக்கிக் கருவாலியோ இலையுதிர்ப்பது. கலிபோர்னியாவின் கரையோரப் பசுங் கருவாலியின் உறவினம் அமெரிக்கச் செங்கருவாலிகள். அவற்றுட் பல இலையுதிர்ப்பவை. ஆகவே பசுமை மாறாமை என்பது குலத்தைக் காட்டும் அடையாளமன்று. வாழும் முறையைக் காட்டும் அடையாளம். கடலருகே வாழ்வோர் எக்குலத்தினராயினும் நீந்தப் பழகுதல் போன்றது இது.

இவ்வுண்மைக்குச் சான்றாக இங்கிலாந்திலேயே ஒரு மரம் உண்டு. எக்செற்றர் நகரில் நாற்றுமேடை வைத்திருந்த வில்லியம் லூக்கம் என்பவர் 1762 ஆம் ஆண்டளவில் துருக்கிக் கருவாலியின் விதைகளை விதைத்தார். முளைத்த நாற்றுக்களுள் ஒன்று மாரியிலும் இலையை உதிர்க்காது நின்றது. அண்மையில் நின்ற தக்கைக் கருவாலியின் மகரந்தம் கலந்தமையால் அது பிறந்தது. லூக்கம் அதிலிருந்து ஒட்டு முறையால் ஆயிரக்கணக்கான கன்றுகளை உண்டாக்கினார். 1785 ஆம் ஆண்டில் அவர் மூலமரத்தைத் தறித்து, தமது சவப்பெட்டிக்கென அதன் பலகைகளைக் கட்டிலின் கீழே வைத்திருந்தார் என்றும், அவர் நூறாண்டு கடந்து வாழ்ந்தமையால் பலகைகள் ஈரத்தில் உளுத்துப்போயின என்றும், ஈற்றில் அம்மரத்தின் ஒட்டுக்கன்றாய் வளர்ந்த வேறொரு மரத்திலிருந்தே பெட்டி செய்யப்பட்டது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. இலையுதிர்க்கும் இனமும் உதிர்க்காத இனமும் கலந்து பிள்ளை பெறும் அளவிற்கு அவற்றின் உறவு நெருங்கியது என்பதை இம்மரம் காட்டுகின்றது. அப்பிள்ளையின் இயல்பும் நடுநிலையானதே. மாரி மென்மையாக இருப்பின் இலை இளவேனில்வரை நிற்கும். கடுமையாக இருப்பின் முன்னரே உதிர்ந்துவிடும்.

இனி, இரு வகைக்கும் உள்ள வேறுபாடுகளை ஒவ்வொன்றாக நோக்கலாம். முதலாவது இலையின் ஆயுள். ஆங்கிலக் கருவாலியின் இலை சித்திரை, வைகாசி அளவில் விரிந்து, ஐப்பசி, கார்த்திகை அளவில் உதிர்ந்துவிடும். ஏறத்தாழ ஆறு திங்கள் வாழ்வு. மத்தியதரை நாடுகளின் ஈலெக்ஸ் கருவாலியில் ஓர் இலை ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை நிலைத்திருக்கும். 'என்றும் பசுமை' என்பதற்கு இலை ஒருபோதும் உதிராது என்பது பொருளன்று. உதிராத இலை எந்த மரத்திலும் இல்லை. புதிய இலை வந்த பின்னரே பழைய இலை நீங்கும். மரம் ஒருபோதும் வெறுமையாகாது. குடும்பத்தில் முதியோர் மறைய இளையோர் தலையெடுப்பினும் வீடு வெறுமையாகாதிருத்தல் போன்றது இது.

இப்பண்பிலும் படிகள் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் வளரும் பசுங் கருவாலி ஆண்டு முழுவதும் ஒரே இலையை வைத்திருந்து, இளவேனிலில் புதுத்தளிர் அரும்பும் வேளையிற் பழைய இலைகளைச் சில வாரங்களுக்குள் உதிர்த்துவிடும். அந்நாட்களில் மட்டும் மரம் சற்று மெலிந்து காணப்படும். மறுபுறத்தில், இளமையான ஆங்கிலக் கருவாலிகள் சில, காய்ந்து கபில நிறமான இலைகளை மாரி முழுவதும் கிளையிலேயே வைத்திருப்பதுண்டு. அவற்றைப் பசுமை மாறாதவை என்று கருதலாகாது. அவ்விலைகள் இறந்தவை, உதிரவில்லை என்பது மட்டுமே உண்மை.

இரண்டாவது வேறுபாடு இலையின் அமைப்பு. இலையுதிர் கருவாலியின் இலை அகன்றது, மெல்லியது, வெளிர்பச்சையானது. ஈலெக்ஸ் கருவாலியின் இலை சிறியது; பெரும்பாலும் 4 முதல் 8 சென்ரிமீற்றர் நீளமானது; தோல்போலத் தடித்தது. மேற்புறம் கரும்பச்சையாய்ப் பளபளக்கும். கீழ்ப்புறம் வெண்சாம்பல் நிறமான நுண்மயிர்களால் மூடப்பட்டிருக்கும். இளமரங்களிலும் தாழ்ந்த கிளைகளிலும் உள்ள இலைகளின் விளிம்பில் முட்கள் இருக்கும். ஆடுமாடுகளுக்கு எட்டாத உயரத்திலுள்ள இலைகளோ பெரும்பாலும் முள்ளற்றவை. இம்முள்ளிலையின் தோற்றத்தால் அது 'ஹொலி' என்னும் வேறொரு செடியை ஒத்திருந்தது. 1753 ஆம் ஆண்டில் தாவரங்களுக்குப் பெயர்முறை வகுத்த லின்னேயசு, ஈலெக்ஸ் என்னும் உரோமப் பெயரைக் கருவாலியின் இனப்பெயராகவும், ஹொலிச் செடியின் சாதிப்பெயராகவும் வைத்தார். ஒரு பெயர் இரு செடிகளுக்கு உரியதாகி இன்றும் மாணவரை மயங்கச் செய்கின்றது.

தடித்த இலை ஏன்? மெல்லிய இலை ஏன்? இதனை ஒரு குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கைப் போல நோக்கினால் எளிதில் விளங்கும். இலை என்பது மரம் தன் உணவை ஆக்கிக்கொள்ளும் பட்டறை. மெல்லிய இலையைக் கட்டுவதற்குச் செலவு குறைவு. அது விரைவாக உழைத்து, செலவிட்டதைச் சில வாரங்களில் ஈட்டிக் கொடுத்துவிடும். ஆயின் அது உறைபனியையும் நெடிய வறட்சியையும் தாங்காது. தடித்த இலைக்குச் செலவு மிகுதி. அதே எடைக்கு அது செய்யும் வேலை குறைவு. ஆயினும் அது நெடுங்காலம் உழைப்பதால் முதல் திரும்ப வருகின்றது. கோடை குறுகியதாய், ஆனால் நீர்வளம் உடையதாய் இருக்கும் நாட்டில் முதலாவது முறை இலாபம் தரும். கோடை வறண்டதாய், மாரி மென்மையாய் இருக்கும் நாட்டில் இரண்டாவது முறையே இலாபம் தரும்.

மத்தியதரைக் காலநிலையின் இயல்பு இதற்கு ஏற்றதாக உள்ளது. அங்கே மழை மாரியிற் பெய்கின்றது. கோடையில் மூன்று நான்கு திங்களுக்கு நிலம் வெடித்துக் கிடக்கும். இலையுதிர் கருவாலி தன் இலைகளை விரித்து வேலை செய்ய வேண்டிய காலத்தில் அங்கு நீரில்லை. நீருள்ள காலத்தில் அதற்கு இலையில்லை. பசுமை மாறாக் கருவாலியோ இலையுதிர் காலத்து முதல் மழை விழுந்தவுடன் வேலையைத் தொடங்கலாம். மாரியின் வெயில் நாட்களைப் பயன்படுத்தலாம். இளவேனிலை முழுமையாக அனுபவிக்கலாம். கோடை நண்பகலில் தன் இலைவாய்களை மூடிக்கொண்டு நீரிழப்பைக் குறைத்துக் காத்திருக்கும். அவ்விலைவாய்கள் யாவும் இலையின் கீழ்ப்புறத்திலேயே அமைந்து, நுண்மயிர்ப் போர்வையின் மறைவில் இருப்பதால் வறட்காற்று அவற்றை நேரே தீண்டுவதில்லை.

வறட்சி ஒன்றே இதற்குக் காரணம் எனக் கொள்ளுதலும் தவறாகும். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரை மழைவளம் மிக்கது. ஆயினும் அங்கும் பசுங் கருவாலி செழிக்கின்றது. அங்கு மாரி மென்மையானது. மணல் நிலத்தில் சத்துக் குறைவு. உதிரும் ஒவ்வோர் இலையோடும் சிறிதளவு நைதரசனும் பொசுபரசும் மரத்தை விட்டு நீங்குகின்றன. இலையுதிர் மரங்கள் உதிர்ப்பதற்கு முன் இச்சத்துக்களிற் கணிசமான பகுதியைக் கிளைக்கு மீட்டுக்கொள்ளும். எனினும் முழுவதையும் மீட்க இயலாது. ஆண்டுதோறும் புதிய இலைத்தொகுதி முழுவதையும் கட்டுவதற்கு வளமான மண் துணை செய்ய வேண்டும். ஏழை நிலத்தில் இலையை நெடுங்காலம் வைத்திருத்தலே சிக்கனம்.

அங்ஙனமாயின் பசுமை மாறாக் கருவாலி வடநாட்டுக் காடுகளை ஏன் பிடித்துக்கொள்ளவில்லை என்னும் கேள்வி எழும். இதற்கு விடை மரத்தின் உள்ளே இருக்கின்றது. வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசெல்லும் நுண்குழாய்களைக் காழ்க்கலன்கள் என்பர். ஆங்கிலக் கருவாலி ஒவ்வோர் இளவேனிலிலும் மிக அகன்ற கலன்களைப் புதிதாக அமைக்கின்றது. வெறுங் கண்ணுக்கும் தெரியுமளவிற்கு அவை பெரியவை. வெட்டிய மரத்தின் குறுக்கு முகத்தில் வளையம் வளையமாகத் துளைகள் காணப்படுவது இதனாலேயே. அகன்ற குழாய் மிகுந்த நீரை விரைவாகக் கொண்டுசெல்லும். ஆனால் மாரியில் அந்நீர் உறைந்து மீண்டும் உருகும்போது உள்ளே காற்றுக் குமிழிகள் தோன்றி, நீரோட்டத்தை அறுத்துவிடும். இலையில்லாத மரத்துக்கு அதனால் தீங்கில்லை; அடுத்த இளவேனிலில் அது புதிய குழாய்களை அமைத்துக்கொள்ளும். மாரியிலும் இலையுடன் நிற்கும் மரத்தின் நீரோட்டம் அற்றுவிட்டால் அம்மரம் வாடிவிடும். ஆதலின் பசுமை மாறாக் கருவாலிகளிற் கலன்கள் ஒடுங்கியவையாய், ஆண்டு வளையம் முழுவதும் பரவியவையாய் அமைந்துள்ளன. ஒடுங்கிய குழாய் இலேசான உறைபனியைத் தாங்கும். வடநாட்டின் நெடிய கடுங்குளிரைத் தாங்காது.

இவ்வமைப்பு வைரத்தின் தன்மையையும் மாற்றியது. பெருந்துளைகள் குறைந்தமையால் பசுமை மாறாக் கருவாலியின் மரம் மிக அடர்ந்தது. அமெரிக்கப் பசுங் கருவாலியின் எடை ஏறத்தாழ அதே அளவு நீரின் எடைக்கு நிகரானது. ஆங்கிலக் கருவாலியோ அதனிலும் ஏறத்தாழக் காற்பங்கு இலேசானது. கப்பற் கட்டுமானத்தில் இவ்வேறுபாடு வரலாற்றுச் சிறப்புப் பெற்றது. 1765 ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட 'விக்ரரி' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலுக்கு ஏறத்தாழ 6,000 மரங்கள் வேண்டியிருந்தன; அவற்றுட் பெரும்பாலானவை இலையுதிர் கருவாலிகள். நீண்டு நேராக வளரும் அம்மரங்கள் பலகைக்கு ஏற்றவை. பசுங் கருவாலியோ குட்டையாய், கிளைகள் வளைந்து நெளிந்து அகலப் படர்ந்து வளர்வது. பலகைக்கு அது உதவாது. கப்பலின் வளைந்த விலாச் சட்டங்களுக்கோ அதனிலும் சிறந்த மரம் இல்லை. வளைவு இயற்கையிலேயே அமைந்திருப்பதால் நார் அறுபடாது வெட்டியெடுக்கலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1794 ஆம் ஆண்டில் ஆறு போர்க்கப்பல்களைக் கட்டத் தீர்மானித்தபோது, வடிவமைப்பாளராகிய யோசுவா ஹம்பிரீசு விலாச் சட்டங்களுக்குப் பசுங் கருவாலியையே வேண்டினார். மரந்தறிப்போர் ஜோர்ஜியாக் கரைத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். கோடரியின் வாயை மழுக்கும் மரம், சதுப்பு நிலம், மலேரியாக் காய்ச்சல் ஆகிய மூன்றோடும் அவர்கள் போராடினர். இவ்வாறு கட்டப்பட்ட 'கொன்ஸ்ரிரியூசன்' என்னும் கப்பல் 1797 ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரில் நீரில் இறக்கப்பட்டது. அதன் உள்ளே பசுங் கருவாலிச் சட்டங்கள் நெருக்கமாக நிற்க, அவற்றின் இரு புறமும் இலையுதிர்க்கும் வெண்கருவாலிப் பலகைகள் அறையப்பட்டன. 1812 ஆம் ஆண்டு ஆகத்து 19 ஆம் நாள் ஆங்கிலக் கப்பலொன்றுடன் நிகழ்ந்த போரில் பீரங்கிக் குண்டுகள் அதன் பக்கத்திற் பட்டுத் தெறித்து வீழ்ந்தன. அன்று முதல் அதற்கு 'இரும்புப் பக்கம்' என்னும் பட்டப்பெயர் வழங்கலாயிற்று. உண்மையில் அங்கு இரும்பில்லை. இருவகைக் கருவாலிகளும் தத்தமக்கு உரிய இடத்தில் அமைந்திருந்தன. அக்கப்பல் இன்றும் பொஸ்ரன் துறையில் மிதக்கின்றது.

மரநிழலின் தன்மையிலும் இரு வகையும் மாறுபடும். இலையுதிர் கருவாலிக் காட்டில், மரங்கள் தளிர்க்கும் முன்னர், இளவேனில் வெயில் தரையிற் படிகின்றது. அச்சில வாரங்களுக்குள் நீலமணிப்பூ முதலிய சிறு செடிகள் பூத்து முடித்துவிடும். ஈலெக்ஸ் கருவாலி நெருங்கி வளர்ந்த இடத்தில் தரை ஆண்டு முழுவதும் இருண்டே இருக்கும், கீழ்ச்செடிகள் குறைவு. 16 ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஈலெக்ஸ், அங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகள் சிலவற்றிற் பரவிப் புல்வெளிப் பூக்களை மூடத் தலைப்பட்டது. வைற்றுத் தீவில் அதனைக் கட்டுப்படுத்த ஆடுகளை மேயவிட்டனர். தன் நாட்டில் நன்மை செய்யும் மரம் பிறநாட்டில் இடையூறாதலும் உண்டு. இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சாள்சு 1651 ஆம் ஆண்டு போரில் தோற்றோடி ஒரு கருவாலியின் கிளைகளிடையே ஒளிந்திருந்து பகைவருக்குத் தப்பினான் என்பது பலரும் அறிந்த செய்தி. அது செத்தெம்பர் மாதம், இலை உதிரவில்லை. மூன்று திங்கள் கழித்து அவன் அங்கு ஏறியிருப்பின், ஆங்கிலக் கருவாலி அவனைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

கொட்டையைக் கொண்டு இரு வகையையும் பிரித்தறிய இயலாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சில கருவாலிகளின் கொட்டை ஓராண்டில் முதிரும். சிலவற்றினது ஈராண்டில் முதிரும். இவ்வேறுபாடு குலம்பற்றியது, இலையுதிர்தல்பற்றியதன்று. பட்டையைக் கொண்டும் பிரித்தல் அரிது. பசுமை மாறாதவற்றுள்ளே தக்கைக் கருவாலி ஒன்றே பெருந்தடிப்பான தக்கைப் பட்டையைத் தருவது. அதன் பட்டையை முதன்முறையாக உரிப்பதற்கு மரம் ஏறத்தாழ 25 ஆண்டு வளர வேண்டும். பின்னர் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரிப்பர். போத்தல் அடைப்பான்களுக்கு ஏற்ற தக்கை மூன்றாம் உரிப்பிலேயே கிடைக்கும். ஓர் ஆண்டில் உரித்த மரத்தில் அவ்வாண்டின் கடைசி இலக்கத்தை வெண்ணிறத்தில் எழுதிவைப்பது போர்த்துக்கேய உழவர் வழக்கம். நாற்பதாண்டு காத்திருந்து பயன்கொள்ளும் இத்தொழிலைத் தொடங்குபவன் தன் மக்களுக்காகவே தொடங்குகின்றான்.

பச்சையிலையுடன் நிற்கும் இம்மரங்களுக்கு இன்று பல துன்பங்கள் நேர்ந்துள்ளன. கலிபோர்னியாவின் கரையோரப் பசுங் கருவாலிகளை 1990 களின் நடுப்பகுதி முதல் ஒரு கொள்ளைநோய் அழித்து வருகின்றது. அதனை உண்டாக்கும் நுண்ணுயிர் 2000 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் அந்நுண்ணுயிரின் உறவினம் ஒன்று வேரை அழுகச் செய்கின்றது. ஆயினும் மனிதனுடைய அறியாமையால் நேர்ந்த இழப்பிற்கு இமயமலைச் சாரலே சிறந்த எடுத்துக்காட்டாகும்.

வட இந்தியாவின் குமாவுன், கட்வால் மலைகளில் ஏறத்தாழ 1,500 முதல் 2,300 மீற்றர் உயரம்வரை 'பாஞ்சு' எனப்படும் பசுமை மாறாக் கருவாலி வளர்கின்றது. அதன் இலை மேலே கரும்பச்சையும் கீழே வெண்மையுமானது. 'வெண்மயிர் தாங்கியது' என்னும் பொருள்பட அதன் அறிவியற் பெயர் அமைந்துள்ளது. இளவேனிலில் ஊதாச் செம்மை கலந்த புதுத்தளிர் விடும்போது பழைய இலை உதிரும். மாரியில் மலையெங்கும் புல் கருகிய காலத்தும் பாஞ்சு பசுமையாய் நிற்பதால், அம்மலைப் பெண்கள் அதன் தழையை வெட்டிக் கறவை மாடுகளுக்கு இடுவர். உதிர்ந்த சருகைத் தொழுவத்திற் பரப்பி எருவாக்குவர். காட்டின் கீழே சருகு மக்கிக் கரிய மண்ணாகி மழைநீரைக் கடற்பஞ்சு போல ஏந்திக்கொள்ளும்; அந்நீர் மெல்ல இறங்கி ஊற்றாக வெளிப்படும். பாஞ்சுக்காடு உள்ள இடத்தில் நீருண்டு என்பது அம்மக்களின் பட்டறிவு.

அதன் அருகிலேயே 'சீர்' எனப்படும் ஊசியிலைப் பைன் மரமும் வளர்கின்றது. அதுவும் ஆண்டு முழுவதும் பச்சையாய் நிற்பதே. பைன் விரைவாக வளரும்; பிசினும் பலகையும் தரும்; அரசாங்கத்துக்கு வருவாய் மிகுதி. ஆதலின் காட்டுப் பகுதியினர் பைனை வளர்ப்பதிலே கருத்தூன்றினர். காந்தியடிகளின் மாணவியாகிய மீராபென் அம்மலைகளில் வாழ்ந்து, 1952 ஆம் ஆண்டில் இமயமலையில் ஏதோ பிழை நேர்ந்துள்ளது என்னும் பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். பாஞ்சு மறைந்து பைன் மேலேறி வருவதே மலைச்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் காரணம் என்பது அவருடைய முடிபு. கிராமத்தவர் மீதும் பிழையுண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. காட்டுப் பகுதி பைனை மேலே தள்ள, மக்கள் எஞ்சிய பாஞ்சு மரங்களை அளவின்றித் தறித்து மொட்டையாக்கினர். பைனின் ஊசியிலைகள் வழுக்கும் படுக்கையாய்த் தரையை மூடும். மாடு அவற்றைத் தின்னாது. கோடையில் தீப்பற்றினால் மலையெங்கும் பரவும். அத்தீயில் பாஞ்சுக் கன்றுகள் கருக, தடித்த பட்டையுள்ள பைன் தப்பிவிடும். இவ்வாறு ஒன்று குறையக் குறைய மற்றொன்று பெருகியது. ஊற்று வற்றிய ஊர்களிற் பெண்கள் குடத்துடன் மேலும் மேலும் தொலைவு நடக்கலாயினர்.

தொலைவில் நின்று நோக்குவோர்க்கு இரண்டும் பச்சை மலைகளே. எத்தகைய இலையினால் அப்பச்சை ஆயது, அவ்விலை எவ்வளவு காலம் நிற்கின்றது, உதிர்ந்தபின் மண்ணுக்கு என்ன செய்கின்றது என்பவற்றை அறிந்தவருக்கே வேறுபாடு விளங்கும். அம்மலைகளின் ஊர்கள் பலவற்றில் இப்பொழுது பெண்கள் குழுவாகக் கூடிப் பாஞ்சுக் கன்றுகளை நட்டுக் காத்து வருகின்றனர். பாஞ்சு மெல்ல வளரும் மரம்; இன்று நடுபவர் அதன் முழுப் பயனைக் காணார். ஊற்றில் நீர் நின்றால் தம் பேரப்பிள்ளைகள் நெடுந்தூரம் நடக்கவேண்டியதில்லை என்பதே அவர்கள் கொண்டுள்ள கணக்கு.